தில்லியில் வேப்பம்பூவும் நறும்புகையும்

பங்குனி முடியும் தறுவாயில் இருக்கிறது. தில்லிச் சாலையோரங்களில் முள்ளிலவ மரங்கள் செம்மலர்களை உதிர்த்து ஓய்ந்துவிட்டன. வேம்புகள் பழைய இலைகளைக் களைந்து, செந்நிறக் கொழுந்துகளைத் தாங்கி நிற்கின்றன. காலையில் சற்றே குளிர்ச்சி, நண்பகலில் வெயில். இதுவே இந்நகரின் இளவேனில். சில வாரங்களே நீடிக்கும் இப்பருவத்தின் கடைசியில் நம் சித்திரை முதல் நாள் வருகிறது.

இத்திங்கள் நம் பகுதிக்கு ஒரு சகோதரியார் கடிதம் எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் அவருடைய தாயார் உலர்ந்த வேப்பம்பூவையும் சாம்பிராணியையும் பொட்டலம் கட்டி, ஊரிலிருந்து வருவோர் கையில் கொடுத்தனுப்புவது வழக்கமாம். சென்ற ஐப்பசியில் அவ்வம்மையார் காலமாகிவிட்டார். இனி அனுப்புவாரில்லை, இவ்வாண்டு பச்சடிக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

சிறிய கேள்விபோலத் தோன்றும், ஆனால் சிறியதன்று. வேப்பம்பூ இல்லையென்று ஆண்டு பிறவாமல் நின்றுவிடாது. ஆயினும், தாய் அனுப்பிய பொட்டலம் நின்ற ஆண்டிலேயே வழக்கமும் நின்றுவிடுமானால், அவ்வீட்டில் இழப்பு இரண்டாகிறது. ஊரை விட்டு வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தகைய ஓர் ஆண்டு என்றேனும் வந்தே தீரும். ஆகவே அச்சகோதரியார்க்கு எழுதும் விடையை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

விடை இதுதான்: வேப்பம்பூ ஊரிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. தில்லியிலேயே கிடைக்கும். ஆனால் அதற்கு ஓராண்டு முன்னதாக நினைவு வேண்டும்.

தில்லி வேம்பின் கணக்கு

புதுதில்லி நகரை அமைத்தவர்கள் சாலைகளின் இருமருங்கிலும் நாவல், மருது, புளி, வேம்பு முதலிய நிழல் மரங்களை வரிசையாக நட்டனர். லோதி சாலையில் நடப்பவர்கள் வேம்பின் நிழலை நன்கு அறிவர். அரசு ஊழியர் குடியிருப்புகளிலும் பூங்காக்களிலும் வேம்பு இல்லாத இடம் அரிது.

நம் நாட்டில் பங்குனியிலும் சித்திரையிலும் வேம்பு பூக்கிறது. அதனால்தான் புத்தாண்டுப் பச்சடியில் புதுப்பூ இடம்பெற்றது. தில்லியிலோ பனிக்காலத்தின் கடுமையால் மரம் தாமதமாகவே விழித்துக்கொள்கிறது. புத்தாண்டின்போது கொழுந்துதான் இருக்கும். பூ பெரும்பாலும் ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலுமே மலரும். ஊர்ப் பஞ்சாங்கமும் தில்லி மரமும் ஒத்துப்போவதில்லை. இங்குள்ள நம்மவர் பலர், பண்டிகையன்று மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, இவ்வூர் வேம்பில் பூவே கிடைப்பதில்லை என்று எண்ணிக்கொள்வதன் காரணம் இதுவே. மூன்று வாரம் கழித்து அதே மரத்தடியில் பூ மெத்தைபோல் விரிந்து கிடக்கும்; அப்போது பார்ப்பதற்கு ஆளில்லை.

ஓர் எச்சரிக்கையை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். வேம்பு பூக்காத இந்நாட்களில், தோற்றத்தில் வேம்பை ஒத்த வேறொரு மரம் தில்லியெங்கும் பூத்திருக்கும். இந்தியில் அதனைப் 'பகாயன்' என்பர். நம்மவர் மலைவேம்பு எனப் பொதுப்படச் சொல்லும் இனத்தைச் சேர்ந்தது. அதன் பூ வெளிர் ஊதா நிறம், வேப்பம்பூவோ வெண்மை. வேம்பின் இலைக்காம்பில் சிற்றிலைகள் இருபுறமும் ஒரே வரிசையாக அமைந்திருக்கும். பகாயனில் காம்பு மீண்டும் கிளைத்து, அக்கிளைகளில் சிற்றிலைகள் அமைந்திருக்கும். பகாயன் மரத்தின் காய் நச்சுத்தன்மை உடையது. அதன் பூவும் உணவுக்கு ஆகாது. ஊதாப் பூவைக் கண்டால் மணத்தை முகர்ந்துவிட்டு அப்பால் செல்க. பிள்ளைகளைப் பூப்பொறுக்க அனுப்புவோர் இவ்வேறுபாட்டை முதலில் காட்டிக் கொடுத்தல் நலம்.

பூ சேர்க்கும் முறை

மே மாதத் தொடக்கத்தில் ஒரு விடுமுறை நாளைத் தேர்ந்துகொள்க. வண்டிகள் ஓடும் சாலையோர மரத்தை விட்டுப் பூங்காவிலோ குடியிருப்பின் உட்புறத்திலோ உள்ள மரமாகப் பார்க்கவும். முந்திய மாலையில் மரத்தடியைப் பெருக்கி, விடியற்காலையில் பழைய தூய வேட்டியொன்றை விரித்து, தாழ்ந்த கிளைகளை மெல்ல உலுக்கினால் போதும். கிளையை ஒடிக்க வேண்டுவதில்லை. இரண்டு மரங்களுக்கு அடியில் விரித்தால் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்குத் தேவையானது சேர்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் முறத்தில் இட்டுக் காம்பு, எறும்பு, தூசு நீக்கிப் புடைக்கவும். நீரில் ஒருமுறை அலசி, துணியில் பரப்பி, நிழலில் உலர்த்தவும். இவ்வகையில் தில்லி நமக்குப் பேருதவி செய்கிறது. நாம் சலித்துக்கொள்ளும் 'லூ' என்னும் வெப்பக்காற்று இரண்டு மூன்று நாட்களில் பூவைச் சருகாக்கிவிடும். சென்னையின் கடற்காற்றில் இத்துணை விரைவில் உலராது. கையில் எடுத்து நொறுக்கினால் பொடியாக வேண்டும், அதுவே பதம். ஈரமற்ற கண்ணாடிப் புட்டியிலோ மூடி இறுகிய தகர டப்பாவிலோ இட்டு வைக்கவும். ஜூலையில் மழை தொடங்குமுன் ஒருமுறையும், செப்டம்பரில் மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் வெயிலில் காட்டினால் அடுத்த சித்திரை வரையில் கெடாது.

இவ்வாண்டுக்கு என்ன வழி? கரோல்பாக், முனீர்க்கா, ஐ.என்.ஏ. சந்தை ஆகிய இடங்களில் உள்ள தென்னாட்டுக் கடைகளில் உலர்ந்த பூ கிடைக்கும். அங்குச் செல்ல இயலாதோர் இப்போது துளிர்த்திருக்கும் செங்கொழுந்தில் பத்துப் பன்னிரண்டு சிற்றிலைகளைக் கழுவித் துடைத்து, நெய்யில் மொறுமொறுப்பாக வறுத்துப் பச்சடியில் சேர்க்கலாம். இது முறையன்று என்று எவரும் கருத வேண்டா. மராட்டியர் தம் குடீபாட்வா புத்தாண்டில் வேப்பங்கொழுந்தை வெல்லத்தோடு உண்கின்றனர். வங்காளிகள் இளவேனிலில் வேப்பங்கொழுந்தைக் கத்தரிக்காயுடன் வறுத்துச் சோற்றின் முதற்கவளத்தோடு உண்பர்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பச்சடியில் இடும் சிறிதளவு பூ வேறு, வேப்பெண்ணெய் வேறு. வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உட்கொள்ளக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியும். அவ்வழக்கம் எந்த வீட்டிலேனும் எஞ்சியிருந்தால் அதனை இன்றே விட்டுவிடுக. கருவுற்ற தாய்மாரும் வேம்பை மருந்தாக மிகுதியாய் உட்கொள்ளுதல் கூடாது.

புத்தாண்டுப் பச்சடி

நான் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். 'கையளவு, கண்ணளவு' என்று எழுத வராது. ஆகவே நால்வருக்கு உரிய அளவைத் தருகிறேன்.

நடுத்தர அளவான மாங்காய் 1 (ஏறத்தாழ 250 கிராம்). வெல்லம் 150 கிராம். உப்பு கால் தேக்கரண்டி. மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை. காய்ந்த மிளகாய் 2. கடுகு அரைத் தேக்கரண்டி. நெய் 2 தேக்கரண்டி. உலர்ந்த வேப்பம்பூ 2 தேக்கரண்டி. அரிசிமாவு 1 தேக்கரண்டி.

மாங்காயைத் தோலுடன் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு தம்ளர் நீரில் உப்பும் மஞ்சளும் சேர்த்து வேகவிடவும். வெல்லத்தை வேறொரு பாத்திரத்தில் அரைத் தம்ளர் நீரில் கரைத்து வடிகட்டவும். இங்குக் கிடைக்கும் 'குட்' என்னும் வடநாட்டு வெல்லம் சுவையில் நம் வெல்லத்துக்குத் தாழ்ந்ததன்று. ஆனால் தூசு இருக்கக்கூடும், வடிகட்டுதல் இன்றியமையாதது. மாங்காய் நன்றாகக் குழைந்த பின்னரே வெல்லப்பாகைச் சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்தால் துண்டுகள் வேகாமல் விறைத்துக்கொள்ளும். கொதித்துத் திரளும்போது அரிசிமாவைச் சிறிது நீரில் கரைத்து ஊற்றி இறக்கவும். ஒரு தேக்கரண்டி நெய்யில் கடுகும் மிளகாயும் தாளித்துக் கொட்டவும்.

வேப்பம்பூவைத் தனியே மற்றொரு தேக்கரண்டி நெய்யில் சிறு தீயில் கரும்பழுப்பு நிறமாகும் வரை வறுத்து, பரிமாறும் நேரத்தில் மேலே தூவவும். முன்னதாகக் கலந்தால் பச்சடி முழுவதும் கசந்துவிடும். கடைசியில் தூவினால் இனிப்பின் நடுவே கசப்பு வந்து போகும். குழந்தைகளுக்கும் இதுவே ஏற்றது. முதலில் நான்கு பூவே தூவிக் கொடுங்கள். ஓராண்டுக்கு நான்கு பூ என்று தொடங்கினாலும், பத்து வயதில் அவர்களே கேட்டு வாங்கி உண்பார்கள். 'கசப்பு வேண்டாம்' என்று விட்டுவிட்டால் அப்பிள்ளைகளுக்கு இது வெறும் மாங்காய்ப் பாகாகவே நினைவில் நிற்கும்.

எஞ்சிய பூவில் ரசம் வைக்கலாம். நெல்லிக்காயளவு புளியை மூன்று தம்ளர் நீரில் கரைத்து, உப்பும் பெருங்காயமும் இட்டுப் பச்சை வாடை போகக் கொதிக்கவிடவும். ஒரு தேக்கரண்டி துவரம்பருப்பு, மூன்று மிளகாய், கடுகு, கறிவேப்பிலை ஆகியவற்றை நெய்யில் தாளித்துச் சேர்க்கவும். அடுப்பை அணைத்த பின், வறுத்த பூ ஒரு மேசைக்கரண்டி இட்டு மூடிவிடுக. பூவோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் கசப்பு மிகும்.

வெயிலில் வரும் விருந்தினருக்குப் பானகம்: நான்கு தம்ளர் நீரில் 100 கிராம் வெல்லம் கரைத்து வடிகட்டி, அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், மூன்று ஏலக்காய், அரை எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து மண்பானையில் வைக்கவும்.

அண்டை வீட்டாரின் புத்தாண்டு

தில்லியில் நாம் தனியே கொண்டாடுவதாக எண்ணிக்கொள்கிறோம், உண்மை அதுவன்று. ஏப்ரல் 14-ஐ ஒட்டிய அதே நாட்களில் பஞ்சாபியர்க்கு வைசாகி, மலையாளிகளுக்கு விஷு, அசாமியர்க்குப் பிஹு, வங்காளிகளுக்குப் பொய்லா பொய்ஷாக். ஒடியர் அன்று அருந்தும் பானத்துக்குப் 'பணா' என்றே பெயர். அதில் வில்வப்பழம் சேரும். இலங்கையில் தமிழரும் சிங்களவரும் ஒருசேரக் கொண்டாடுகின்றனர். தமிழர் மருத்துநீர் வைத்து நீராடுவர். பர்மாவிலும் தாய்லாந்திலும் கம்போடியாவிலும் புத்தாண்டு இந்நாட்களிலேயே வருகிறது.

இவையெல்லாம் சூரியன் மேட ராசியில் புகும் நாளைத் தொடக்கமாகக் கொண்டவை. பகலும் இரவும் சமமாகும் வேனிற் சமநாளோ மார்ச் 20 அல்லது 21-ஆம் நாள். பாரசீகர் தம் நவ்ரோஸ் புத்தாண்டை அன்று கொண்டாடுகின்றனர். இவ்விரண்டும் ஏறத்தாழ கி.பி. 285-இல் ஒரே நாளாக இருந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சுமார் 71 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இன்று மூன்றரை வாரம் ஆகிவிட்டது. விஞ்ஞானி மேகநாத் சாஹா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-இல் தந்த அறிக்கையின்படி, 1957 மார்ச் 22 முதல் அரசாங்கம் சமநாளை ஒட்டிய தேசிய நாட்காட்டியை வழக்குக்குக் கொண்டுவந்தது. மக்களோ பண்டிகையைப் பழைய நாளிலேயே வைத்துக்கொண்டனர். 'வசந்தம் பிறந்து இவ்வளவு நாள் கழித்தா புத்தாண்டு?' என்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் கேட்டால் இதனைச் சொல்லலாம்.

ஆகவே அன்று ஒரு கிண்ணம் பச்சடியை எதிர்வீட்டுக்கும் அனுப்புங்கள். கசப்பைப் பற்றி விளக்கம் சொல்ல அஞ்ச வேண்டா; வேம்பின் கசப்பு வடநாட்டாருக்கும் புதிதன்று.

வீட்டில் செய்யும் தூபம்

இனி நறும்புகை. நாம் சாம்பிராணி எனும் பொருளை இந்நகரத்தார் 'லோபான்' என்பர். அது நம் நாட்டுச் சரக்கன்று. சுமத்திரா, லாவோஸ் முதலிய கீழ்த்திசை நாடுகளில் வளரும் மரங்களின் பட்டையைக் கீறினால் வடியும் பிசின் அது. அராபிய வணிகர் அதனை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாவின் தூபம், என்று அழைத்தனர். குங்கிலியம் மரப்பிசின், இங்கு 'ரால்' என்று கேட்டால் தருவர். வெட்டிவேருக்கு 'கஸ்' என்று பெயர்.

சாந்தினி சௌக்கின் மேற்குக் கோடியில் உள்ள பதேபுரி மசூதியை அடுத்த காரி பாவலிச் சந்தையில் இவை யாவும் கிடைக்கும். பழைய தில்லி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். பொடியாக வாங்காமல் கட்டியாகவே வாங்குங்கள். பொடியில் கலப்படத்தைக் கண்டறிதல் அரிது. குக்குலும் அங்கே உண்டு. ஆனால் இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் வறண்ட நிலத்தில் வளரும் அச்செடி, பிசினுக்காக அளவின்றிக் கீறப்பட்டு அழியும் நிலைக்கு வந்துவிட்டது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை மிக ஆபத்தான நிலையிலுள்ள இனங்களின் வரிசையில் சேர்த்துள்ளது. ஆகவே நம் கலவையில் அதனைச் சேர்க்கவில்லை.

கலவை: சாம்பிராணி 50 கிராம், குங்கிலியம் 25 கிராம், பொடியாக நறுக்கிய வெட்டிவேர் 15 கிராம், சந்தனத்தூள் 10 கிராம், பூசைக்குப் பின் எடுத்து உலர்த்திய ரோஜா இதழ் 10 கிராம், உலர்ந்த வேப்பிலை 5 கிராம்.

பிசின்களைக் கல்லுரலில் இட்டுக் கொரகொரப்பாக இடிக்கவும். மின்சார மிக்சியில் அரைத்தால் சூடேறிப் பிசின் இளகிக் கத்தியில் ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றைத் தனித்தனியே பொடித்துக் கலந்து புட்டியில் மூடி வைக்கவும். தணலில் ஒரு தேக்கரண்டி தூவினால் ஒரு வீட்டுக்குப் போதும்.

தணல் இடும் வசதியற்ற மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் வில்லைகளாகச் செய்துகொள்ளலாம். வறட்டித்தூள் 100 கிராம், கரித்தூள் 50 கிராம், மேற்கண்ட கலவை 50 கிராம் ஆகியவற்றைக் கெட்டியான சோற்றுக் கஞ்சியில் பிசைந்து, கட்டைவிரல் அளவு கூம்புகளாகப் பிடித்து, நிழலில் மூன்று நான்கு நாட்கள் உலர்த்தவும். வறட்டி இங்கு 'உப்லா' எனப்படும். ஹோலிப் பண்டிகைத் தீயில் இடுவதும் அதுவே. முதலில் ஒன்றைக் கொளுத்திப் பார்க்கவும். இடையில் அணைந்தால் கரித்தூளைச் சற்றே கூட்டிக்கொள்ளலாம்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

ஊரில் முற்றமும் திண்ணையும் உள்ள வீட்டில் எழுந்த புகை வேறு. தில்லியில் இரண்டு அறைக் குடியிருப்பில் எழும் புகை வேறு. ஆகவே சன்னல்களைத் திறந்து வைத்த பின்னரே தூபம் இடுக. ஐந்து நிமிடம் போதும். முடிந்தவுடன் தணலை வெளியே கொண்டுபோய் நீர் தெளித்து அணைத்துவிடுக. எரியும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பூட்டிய அறையில் அங்கீட்டியை வைத்துக்கொண்டு உறங்கியோர் மாண்ட செய்தியைத் தில்லியின் குளிர்காலத்தில் நாம் அடிக்கடி படிக்கிறோம். சாம்பிராணியின் நறுமணம் இந்நச்சை நீக்கிவிடாது.

கைக்குழந்தையை நீராட்டியபின் புகையில் காட்டும் வழக்கத்தை இச்சிறு அறைகளில் கைவிடுதல் நன்று. குழந்தையின் தலையை மெல்லிய துணியால் துவட்டினாலே உலர்ந்துவிடும். இரைப்பு நோய் உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் தூபமே வேண்டா. மண்பானை நீரில் வெட்டிவேர் முடிச்சு ஒன்றை இடுக. வாசலில் ஈரமான வெட்டிவேர்த் தட்டி தொங்கட்டும். புகையின்றியே வீடு மணக்கும்.

கற்பூரத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும். சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு உண்டாகக்கூடும். ரயிலில் செல்வோர்க்கு ஒரு சொல்: எளிதில் தீப்பற்றும் பொருள்களை மூட்டையில் ஒளித்துக் கொண்டுவர வேண்டா. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவு இதற்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடந்தருகிறது. இங்கேயே கிடைக்கும் பொருளுக்காக ஒரு பெட்டியிலுள்ள அத்தனை உயிர்களையும் ஆபத்தில் வைப்பானேன்?

இவ்விதழ் தங்கள் கைக்கு வந்ததும் நாட்காட்டியை எடுத்து, மே முதல் ஞாயிற்றுக்கிழமையில் 'வேம்பு' என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகை முடிந்த மூன்றாம் வாரத்தில் அடுத்த பண்டிகையின் வேலை தொடங்குகிறது. கடிதம் எழுதிய சகோதரியார் தம் மகளையும் உடன் அழைத்துச் செல்வாராக. அவருடைய தாயார் அனுப்பிய பூ அவர்கள் ஊர் மரத்தில் பூத்தது; அம்மகள் பொறுக்கப் போகும் பூ தான் பிறந்து வளரும் ஊரின் மரத்தில் பூத்தது. கசப்பு ஒன்றே.

அடுத்த திங்கள், இதே லூக் காற்றைக்கொண்டு மொட்டைமாடியில் வடகமும் வற்றலும் இடும் முறையைப் பார்ப்போம். அனைவர்க்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.